பட்டாணி அளவுக் கட்டி

கிழக்குத் தாம்பரம்
14-6-1970

அண்ணாவுக்கு,

ஜெயசீலி எழுதுகிறேன். என் கல்யாணத்தன்று கோயில் வாசலோடு திரும்பிப் பல்லாவரம் ஸ்டேஷனுக்கு நடந்தீர்களே, அதோடு நம் பேச்சு நின்றது. நானாக எழுதுவதில்லை என்று வைராக்கியமாகத்தான் இருந்தேன். இப்போது அந்த வைராக்கியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வயிற்றையே படிப்பாகப் படித்தவர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான்.

எட்மண்டுக்கு உடம்பு சரியில்லை. 'உங்கள் மைத்துனர்' என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்காது, அதனால் இவர் என்றே எழுதுகிறேன். போன வருஷம் இரைப்பையில் புண் என்று டாக்டர் லாசரஸ் பாதி இரைப்பையை வெட்டி எடுத்தார். தையல் ஆறுவதற்குள் மறுபடியும் புண், இந்தத் தடவை குடலில். சாப்பிட்டாலும் எரிகிறது, சாப்பிடாவிட்டாலும் எரிகிறது. தண்ணீர் தண்ணீராகப் போகிறது. பூகோளப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே வகுப்பை விட்டு ஓடுகிறார். பையன்கள் பெஞ்சைத் தட்டிச் சிரிக்கிறார்களாம்.

ஊர் இதற்கு ஒரே ஒரு காரணம்தான் சொல்கிறது. வாத்தியார் திருட்டுச் சாராயம் குடிக்கிறார், அதுதான் குடலை அரிக்கிறது என்கிறார்கள். போன திருவிருந்து ஞாயிற்றில் நாங்கள் இரண்டு பேரும் பீடத்தின் முன் முழங்காலில் இருந்தோம். குருவானவர் சுவிசேஷமுத்து ஐயா எனக்குத் திராட்சரசப் பாத்திரத்தைக் கொடுத்தார். இவரைத் தாண்டி அடுத்தவரிடம் போய்விட்டார். இவர் ஏந்திய கையோடு அப்படியே இருந்தார். சபை முழுக்கப் பார்த்தது. நான்தான் முழங்கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டி வந்தேன்.

இவர் குடிக்கிறவர் இல்லை. வேறு என்னவாக இருக்கும் என்று சொல்லுங்கள். டாக்டர் லாசரஸ் தன் மகள் சரோஜினியை உங்களுக்குத்தான் பேசி வைத்திருக்கிறார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்.

ஜெயசீலி


லண்டன்
2-7-1970

ஜெயசீலிக்கு,

காரியம் ஆக வேண்டும் என்றதும் அண்ணன் ஞாபகம் வந்திருக்கிறது. எனக்கு ஆச்சரியம் இல்லை.

நான் வயிற்றைப் படிக்கவில்லை. குடலின் உள்சுவரில் சில செல்கள் இருக்கின்றன. சுரப்பி என்று ஓரிடத்தில் கூட்டமாக இல்லாமல், மற்ற செல்களுக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும். சாப்பாடு வந்து தொட்டதும் அவை இரத்தத்தில் ஹார்மோனை விடுகின்றன. ஒரு வகை, 'அமிலம் சுரக்கலாம்' என்று இரைப்பைக்குச் சொல்கிறது. இன்னொன்று பித்தப்பையைச் சுருங்கச் சொல்கிறது. வேறொன்று, 'அமிலம் வந்துவிட்டது, அதை அடக்கும் நீரை விடு' என்று கணையத்தை எழுப்புகிறது. சாப்பாடு கடந்து போனதும் எல்லாம் அடங்கிவிடும். நாம் சாப்பிட்டுவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருக்க, உள்ளே இவ்வளவு ஒழுங்காக வேலை நடக்கிறது. நான் இதைத்தான் படிக்கிறேன்.

அபூர்வமாக, இந்தச் செல்களில் ஒரு வகை கெட்டுப்போய்க் கட்டியாக வளர்வது உண்டு. அப்போது சாப்பாடு வராமலே இரவு பகலாக ஹார்மோனைக் கொட்டும். இரைப்பையும் ஏதோ விருந்து வருகிறது என்று நம்பி அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். குடல் வெந்துபோகும். அந்த ஹார்மோனை இரத்தத்தில் அளக்கும் முறை இப்போதுதான் வந்திருக்கிறது. இந்த ஊரில் அதை அளக்கத் தெரிந்த சிலரில் நான் ஒருவன்.

உடனே உன் கணவனுக்கும் அதுதான் என்று கிளம்பிவிடாதே. அது லட்சத்தில் ஒருவனுக்கு வருவது. உன் கணவனுக்கு வந்திருப்பது குப்பத்தில் வீட்டுக்கு வீடு வருவது. அவன் அப்பன் துலுக்காணம் எதைக் குடித்துச் செத்தான் என்று கானத்தூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மிஷன் ஹாஸ்டலில் சேர்த்து, ஞானஸ்நானம் கொடுத்து, எட்மண்ட் என்று பெயர் வைத்தால் குடல் மாறிவிடுமா?

சபை முன் எழுந்து நின்று குடித்தேன் என்று ஒப்புக்கொள்ளச் சொல். சுவிசேஷமுத்து ஐயா மன்னித்துப் பாத்திரம் கொடுப்பார். பள்ளிக்கூடத்திலும் வேலையில் வைத்துக்கொள்வார்கள். பிறகு குடிக்காமல் இருந்தால் புண் தானே ஆறும்.

அசரியா


கிழக்குத் தாம்பரம்
30-8-1970

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஒளித்துத்தான் வைத்தேன். இவர் எடுத்துப் படித்துவிட்டார். கோபப்படுவார் என்று பயந்தேன், சிரித்தார்.

"எங்கப்பாவைப் பத்தி உங்கண்ணன் எழுதினது நெசம்தான் ஜெயா. கட்டுமரத்துமேல வாயில நுரையோட கெடந்தாரு. நாங்கதான் தூக்கிகினு வந்தோம். அதைப் பாத்தவன் குடிப்பானா?" என்றார். மனசு கலங்கினால் மட்டும் இவர் வாயில் கானத்தூர் வந்துவிடும்.

ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார். குடிக்காததைக் குடித்தேன் என்று தேவனுடைய பீடத்தின் முன் சொல்வதுதான் பாவம் என்கிறார். இதற்கு என்ன பதில் சொல்வது? உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

அந்தக் கட்டியைப் பற்றி நீங்கள் ஏன் எழுதினீர்கள், அண்ணா? உங்கள் பெருமைக்காக எழுதினீர்கள். நான் மனப்பாடம் ஆகும்வரை படித்தேன். சாப்பிடாமலே அமிலம், வெட்டின பிறகும் புண், தண்ணீராகப் போவது எல்லாம் இங்கே இருக்கிறது. டாக்டர் லாசரஸிடம் கேட்டேன். "அசரியா சொல்லட்டும், பார்க்கலாம். நீ எப்பம்மா டாக்டருக்குப் படிச்சே?" என்றார்.

இவர் இரத்தத்தை அனுப்புகிறேன். மீனம்பாக்கத்தில் விமான நிலையத்தில் வேலை பார்க்கும் யேசுதாசன், லண்டன் போகிறவர் யாரிடமாவது ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொடுத்தனுப்ப முடியும் என்கிறார். குடிகாரனுடைய இரத்தமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அளந்து பாருங்கள். நீங்கள் சொன்னதுதான் சரி என்று வந்தால் சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள்.

ஜெயசீலி


லண்டன்
20-9-1970

ஜெயசீலிக்கு,

எங்கள் ஆய்வுக்கூடம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை இல்லை, யார் வேண்டுமானாலும் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு வர.

இருந்தாலும் நீ என் தங்கை. ஒரு நிபந்தனை சொல்கிறேன். முதலில் அவன் சபையில் ஒப்புக்கொள்ளட்டும். டாக்டரிடம் பொய் சொல்கிறவனுடைய இரத்தம் எனக்கு வேண்டாம். ஒப்புக்கொண்டான் என்று டாக்டர் லாசரஸ் எனக்கு எழுதட்டும், நான் அளக்கிறேன். இல்லையென்றால் இது பற்றி இனி எழுதாதே.

சரோஜினி வீட்டார் அந்தச் சபையில் முன்வரிசைக்காரர்கள். என் தங்கை கணவனுக்குத் திருவிருந்து மறுக்கப்பட்டிருக்கிறது என்பது அவர்களுக்கு எவ்வளவு தலைகுனிவு என்று ஒருநாளாவது யோசித்தாயா?

அசரியா


கிழக்குத் தாம்பரம்
9-12-1970

அண்ணாவுக்கு,

நீங்கள் கேட்டது நடந்துவிட்டது.

இவரைச் சம்மதிக்க வைக்க நான் என்னென்ன செய்தேன் என்று எழுத மாட்டேன். பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தேன் என்பது மட்டும் தெரிந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்ததும் எழுந்தார். சட்டை தோளில் தொங்குகிறது, அவ்வளவு இளைத்துவிட்டார். "நான் குடித்தேன். சபை என்னை மன்னிக்கட்டும்," என்றார். அவ்வளவுதான். பையன்களுக்கு நதிகளின் பேர் சொல்வது போல ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார். பின்னால் யாரோ, "அப்பவே சொன்னேன்ல," என்றார்கள்.

சுவிசேஷமுத்து ஐயா இவர் தலையில் கை வைத்து ஜெபித்தார். எல்லாருக்கும் முதலில் இவருக்குப் பாத்திரம் கொடுத்தார். அந்த ஒரு வாய் திராட்சரசம் இவர் வயிற்றில் பட்டதும் சுருண்டுவிட்டார். பீடத்துக் கம்பளத்திலேயே வாந்தி எடுத்தார், இரத்தம் கலந்து. "பழைய சரக்கு வெளியே வருது," என்று ஒருவர் சொன்னார். அவர் பேரை எழுத மாட்டேன், அவர் பிள்ளை என் வகுப்பில் படிக்கிறான்.

வீட்டுக்கு வந்து படுத்தபடி, "உங்கண்ணன் கேட்டதைக் கொடுத்தாச்சு. ரத்தத்தை எடுத்துக்கினு போகச் சொல்லு," என்றார்.

யேசுதாசன் பிளாஸ்கை அனுப்பிவிட்டார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாந்தியில் இரத்தத்தைப் பார்த்ததும் நான் டாக்டர் லாசரஸிடம் ஓடினேன். மறுபடி திறந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். "அவரே வாயால சொல்லிட்டார், குடிச்சேன்னு. குடிக்கிறவங்களுக்கு நான் கத்தி வைக்கிறதில்லை. பால் மட்டும் கொடு," என்று அனுப்பிவிட்டார். நீங்கள் சொல்லச் சொன்ன பொய்யை அவர் மருந்துச் சீட்டில் எழுதிக்கொண்டார்.

உங்கள் அளவு மட்டும்தான் இனி அவர் மனசை மாற்றும். சீக்கிரம் பாருங்கள், அண்ணா. காலில் விழுந்து கேட்கிறேன்.

ஜெயசீலி


லண்டன்
4-1-1971

ஜெயசீலிக்கு,

பிளாஸ்க் வந்தது. பிரீசரில் வைத்திருக்கிறேன். ஒருவருக்காகத் தனியாக அளப்பது வழக்கம் இல்லை. போதுமான மாதிரிகள் சேர்ந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாக அளப்போம். அதுவரை பொறுத்திரு.

டாக்டர் லாசரஸ் சந்தோஷமாக எழுதியிருந்தார். சபையில் எல்லாரும் உன்னைப் பாராட்டினார்களாம். உன் கணவன் வாயாலேயே ஒப்புக்கொண்ட பிறகு, இந்தப் பரிசோதனைக்கு இனி அவசரம் என்ன என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. இருந்தாலும் வாக்குக் கொடுத்துவிட்டேன், செய்வேன்.

அசரியா


லண்டன்
22-3-1971

அன்புத் தங்கை ஜெயாவுக்கு,

அளந்துவிட்டோம்! எங்கோ தவறு என்று நினைத்து மறுபடியும் அளந்தேன். அதே விடைதான். எட்மண்டின் இரத்தத்தில் அந்த ஹார்மோன் சாதாரண மனிதனுக்கு இருப்பதைப் போலப் பல மடங்கு இருக்கிறது. எங்கள் பேராசிரியர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து பார்த்தார். "இந்தியாவிலிருந்தா?" என்றார். தென்னிந்தியாவிலிருந்து இப்படி ஒருவரைப் பற்றி இதுவரை யாரும் எழுதியதில்லை, ஜெயா!

டாக்டர் லாசரஸுக்குத் தனியாக எழுதுகிறேன். இரைப்பை முழுவதையும் எடுத்துவிட வேண்டும். சுரப்பதற்கு இரைப்பை இல்லாவிட்டால் கட்டி எவ்வளவு கத்தினாலும் பயன் இல்லை. மனிதன் பிழைத்துக்கொள்வான். கட்டி கணையத்திலோ சிறுகுடல் சுவரிலோ இருக்கும், சின்னதாக. அதைத் தேடி எடுக்கச் சொல். எடுத்ததைக் கெடாமல் இருக்கப் பார்மலினில் போட்டு வைக்கச் சொல். அதைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது, அதுதான் முக்கியம்.

எட்மண்டுக்கு என் அன்பு.

உன் அண்ணன்
அசரியா


கிழக்குத் தாம்பரம்
4-4-1971

அண்ணாவுக்கு,

எட்மண்டுக்கு உங்கள் அன்பைச் சொல்ல வழி இல்லை. இவர் பிப்ரவரியில் போய்விட்டார்.

உங்களுக்குத் தந்தி கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. டாக்டர் லாசரஸ் எழுதியிருப்பார் என்று நினைத்தேன். அவரும் எழுதவில்லை போலிருக்கிறது. அவருக்குத்தான் எழுத என்ன இருக்கிறது?

விடியற்காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினார். குடல் ஓட்டையாகிவிட்டது. வேறு வழி இல்லாமல் டாக்டர் லாசரஸ் அன்றைக்குத்தான் திறந்தார். உள்ளே எல்லாம் வெந்திருந்ததாம். சிறுகுடல் சுவரில் பட்டாணி அளவில் ஒரு கட்டி இருந்தது. அதை வெட்டி எடுத்தார். இவர் மயக்கம் தெளியவே இல்லை. வெளியே வந்து முகமூடியைக் கழற்றிக்கொண்டு டாக்டர் என்னிடம் ஒரு பாட்டிலை நீட்டினார். "அசரியா சொன்ன மாதிரிதான் இருக்கும்போல. வச்சுக்கோம்மா," என்றார். பிரேதத்தைக் கொடுப்பதற்கு முன்பே அதைக் கொடுத்துவிட்டார்.

அடக்க ஆராதனையில் சுவிசேஷமுத்து ஐயா குடியின் கேட்டைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். மனந்திரும்பியும் காலம் கடந்துவிட்டவர்களைப் பற்றி. இவருடைய அம்மா முத்தாலம்மாள் கானத்தூரிலிருந்து வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாதியில் எழுந்து, "இன்னா சாமி பேசிகினு கீறே? எம்புள்ள மோந்துகூடப் பாக்கலையே!" என்று கத்தினார். இரண்டு பேர் வந்து அவரை வெளியே அழைத்துப் போனார்கள். நான் எழுந்து நிற்கவில்லை. சபை முன் நின்று குடித்தேன் என்று சொன்னவருடைய மனைவி நான், எந்த வாயால் மறுப்பது?

பாட்டில் என் அலமாரியில் இருக்கிறது.

ஜெயசீலி


லண்டன்
15-4-1971

அன்பு ஜெயா,

கடிதம் கிடைத்தது. கர்த்தர் உனக்கு ஆறுதல் தருவாராக. நாம் மனிதர்கள், நம் கையில் என்ன இருக்கிறது?

மனத்தைத் தேற்றிக்கொண்டு ஒரு காரியம் செய்ய வேண்டும். அந்தப் பாட்டிலின் மூடி இறுக்கமாக இருக்கிறதா பார். மேலே மெழுகு ஊற்றி, தகரப் பெட்டியில் மரத்தூளுக்கு நடுவே வைத்து அனுப்பு. அந்தக் கட்டியைச் சீவி, சாயம் ஏற்றி, எந்தச் செல் கெட்டது என்று காட்டிவிட்டால் எட்மண்டின் பேர் உலகம் முழுக்கப் படிக்கப்படும். பேர் என்றால், பெயரின் முதல் எழுத்து மட்டும்தான் போடுவார்கள்.

இன்னொன்று. கட்டுரையில் நோயாளிக்கு மதுப்பழக்கம் இல்லை என்று தெளிவாக எழுத வேண்டும். குடித்தவன் என்றால் புண்ணுக்குக் குடிதான் காரணம் என்று யாராவது கிளம்புவார்கள், என் உழைப்பெல்லாம் வீண். 'என் கணவர் ஒருநாளும் மது அருந்தியதில்லை' என்று உன் கையெழுத்தில் ஒரு வரி எழுதி அனுப்பு. அந்தச் சபை விஷயத்தை எல்லாம் எழுத வேண்டாம்.

உன் அண்ணன்
அசரியா


கிழக்குத் தாம்பரம்
2-5-1971

அண்ணாவுக்கு,

நீங்கள் எனக்கு ஒரு நிபந்தனை போட்டீர்கள். நான் உங்களுக்கு ஒன்று போடுகிறேன், அண்ணன் தங்கை கணக்குச் சரியாகட்டும்.

சுவிசேஷமுத்து ஐயாவுக்கு உங்கள் பேரில் ஒரு கடிதம் எழுதுங்கள். எட்மண்ட் குடித்ததில்லை, இன்ன வியாதியால் செத்தார், சபை முன் அவர் சொன்ன பொய்யைச் சொல்ல வைத்தவன் நான் என்று எழுதுங்கள். அது கோயிலில் எல்லார் காதிலும் விழ வாசிக்கப்பட வேண்டும். அன்றைக்கே பாட்டிலை அனுப்புகிறேன். உங்கள் ஒரு வரியையும் எழுதித் தருகிறேன்.

ஜெயசீலி


லண்டன்
20-5-1971

அன்பு ஜெயா,

ஐயாவுக்கு எழுதிவிட்டேன். ஆராதனையில் வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். வார்த்தைகளை என்னிடம் விட்டுவிடு. டாக்டர் லாசரஸ் மனம் புண்படாமலும் எழுத வேண்டும் அல்லவா? ஆகஸ்டில் எனக்கும் சரோஜினிக்கும் கல்யாணம். அவர் நோயைத் தவறவிட்டார் என்று அவர் சபையிலேயே வாசித்தால் நான் எந்த முகத்தோடு மணவறைக்கு வருவேன்? எல்லாம் பொருத்தமாகத்தான் எழுதியிருக்கிறேன், நம்பு.

பேராசிரியர் தினமும் கேட்கிறார். பாட்டிலை உடனே அனுப்பு.

அசரியா


கிழக்குத் தாம்பரம்
15-6-1971

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை வாசித்தார்கள். உங்கள் பட்டங்களை எல்லாம் ஐயா முதலில் வாசித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். குடியை நாம் பாவமாக மட்டும் பார்க்கக் கூடாது, சிலருக்குள்ளே மறைந்திருக்கும் சரீர பலவீனமும் உண்டு என்று விஞ்ஞானம் சொல்கிறது, எனவே மறைந்த சகோதரர் எட்மண்டை இரக்கத்தோடு நினைவுகூருவோம் என்று எழுதியிருந்தீர்கள். நன்றாக எழுதியிருந்தீர்கள். டாக்டர் லாசரஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் எங்கள் பள்ளிக்கூடத்துத் தபீதாள் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "குடிச்சவரா இருந்தாலும் மச்சானை விட்டுக்கொடுக்காம எழுதியிருக்கார் பாரு உங்கண்ணன். எவ்வளவு பெரிய மனசு," என்றார். நான் ஆமாம் என்றேன்.

நேற்று முத்தாலம்மாளையும் இவர் தம்பி லோகுவையும் வரச் சொன்னேன். மூன்று பேருமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். சுவர் ஓரமாகத்தான் இவரை வைத்திருக்கிறார்கள். லோகு தலைமாட்டில் தோண்டினான். மூடியைத் திறந்து மருந்தைக் கீழே கொட்டினேன். அந்த நெடியில் மூன்று பேருக்கும் கண் எரிந்தது. கட்டி என் உள்ளங்கைக்கு வந்தது. வெளுத்துப்போய், ஒன்றுமில்லாத ஒரு சின்னப் பொருள். இதற்காகவா இவ்வளவு என்று இருந்தது.

"சீமைக்கு அனுப்பணும்னியே இன்னாம்மா?" என்று முத்தாலம்மாள் கேட்டார். வேண்டாம் அத்தை என்றேன். "அதான். எம்புள்ள வயித்துல இருந்தது எம்புள்ளகூடவே கெடக்கட்டும்," என்று என் கையிலிருந்து வாங்கிக் குழியில் வைத்தார். லோகு மண்ணைத் தள்ளி மிதித்தான். சாயங்காலம் நல்ல மழை. உங்கள் செல்கள் எல்லாம் இந்நேரம் ஊறிப்போயிருக்கும், அண்ணா. இனி யாரும் அவற்றைச் சீவிச் சாயம் ஏற்ற முடியாது.

என் கையெழுத்தில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். உங்கள் பேராசிரியருக்கு நேற்றே இங்கிலீஷில் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். நோயாளி தான் குடித்ததாகச் சபை முன் தன் வாயாலேயே சொன்னார், அப்படிச் சொன்னால்தான் இரத்தத்தை அளப்பேன் என்றவர் டாக்டர் அசரியா என்று எழுதினேன். உங்கள் செப்டம்பர் கடிதத்தையும் கூட வைத்திருக்கிறேன். அது தமிழில் இருக்கிறது. அவர் கேட்டால் நீங்களே மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்.

எட்மண்டின் மனைவி
ஜெயசீலி